மழலையின் வினாவும் ஞானத் திரையும்



முதல் தீர்த்தங்கரராம் ஆதிபகவன் திருவடிகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, நம் இல்லங்களில் வளரும் இளங்குழந்தைகளின் கல்வியைக் குறித்துச் சில சொற்களை உங்கள்முன் வைக்க விழைகிறோம். பல்லாண்டுகள் சிறு பிள்ளைகளோடும், ஆசிரியப் பயிற்சி பெற வந்த இளையோரோடும் பழகிய பழக்கமே இதனைச் சொல்லும் துணிவை நமக்குத் தருகிறது. பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைக்கு வீட்டில் என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்று இளந்தாயர் பலர் நம்மிடம் கேட்கின்றனர். சிலர் பள்ளிக்கே அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கலாமா என்றும் வினவுகின்றனர். இவ்விரு வினாக்களுக்கும் விடை காண, நம் ஆகமங்களின் வாயிலிலேயே போய் நிற்போம்.

முதல் ஆசிரியர் தந்தையே

உலகிற்கு எழுத்தும் எண்ணும் வந்த வரலாற்றை ஜினசேனாசாரியர் ஆதிபுராணத்தில் விரித்துரைக்கிறார். பகவான் விருஷபதேவர் அப்பொழுது துறவு பூண்டிருக்கவில்லை. இல்லறத்தாராகவே விளங்கினார். தம்மை நாடி வந்த பெண்மக்கள் பிராமி, சுந்தரி ஆகிய இருவரையும் மடியில் அமர்த்தி, மூத்தவளுக்கு எழுத்தையும் இளையவளுக்கு எண்ணையும் தம் கையாலேயே எழுதிக் காட்டினார் என்பது அவ்வரலாறு. பரதன் முதலிய ஆண்மக்களுக்குக் கலைகளைக் கற்பித்தது அதன் பின்னரே.

இங்கே மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதற்பள்ளி இல்லம். முதல் இருக்கை தந்தையின் மடி. முதல் மாணாக்கியர் பெண்மக்கள். பகவானுக்கே மகளை மடியில் இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்தது. நமக்கு நேரமில்லை என்று சொல்வதற்குமுன் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் நன்று.

பெண்கல்வியின் இம்மரபு புராணத்தோடு நின்றுவிடவும் இல்லை. வந்தவாசிப் பகுதியில் உள்ள விடால் மலையின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியார் என்னும் பெண்துறவியையும் அவர் பிள்ளைகள் 500 பேரையும் குறிக்கிறது. குரத்தி என்பது குரு என்பதன் பெண்பால். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இத்தகைய குரத்தியர் பெயர்கள் பல காணப்படுகின்றன. ஆசிரியை என்னும் சொல் வழங்குவதற்கு முன்பே ஆசிரியையரைப் பெற்றிருந்த சமூகம் நம்முடையது.

திரை விலக்கலே கல்வி

அறிவு என்பது வெளியிலிருந்து உள்ளே ஊற்றப்படும் பொருளா, உள்ளே இருந்து வெளிப்படும் ஒளியா? பயிற்சிப் பள்ளிகளில் கல்வியியல் அறிஞர்கள் இன்றும் ஆராயும் இவ்வினாவிற்கு நம் அறநூல்கள் ஐயமற விடை பகர்கின்றன. அறிவு உயிரின் குணம். அனந்தஞானம் ஒவ்வோர் உயிருக்கும் இயல்பு. தொட்டிலில் கிடந்து கைவிரலை உற்றுப் பார்க்கும் குழந்தைக்கும் அவ்வியல்பு உண்டு. அவ்வொளியை மறைத்து நிற்பது ஞானாவரணீயம் என்னும் வினை. திருவுருவின்மேல் இட்ட திரையை அதற்கு உவமையாகக் கூறுவர் ஆன்றோர். திரை உருவத்தை அழிப்பதில்லை; மறைக்கிறது. திரை நெகிழும் அளவிற்கு உருவம் தெரிகிறது.

ஆகவே குழந்தைக்கு நாம் அறிவைக் கொடுப்பதாக எண்ணுதல் பொருந்தாது. ஓர் உயிரின் வினையை மற்றோர் உயிர் அழித்தல் இயலாது என்பதும் நாம் அறிந்ததே. பெற்றோரும் ஆசிரியரும் நிமித்தமே. நல்ல நிமித்தமாக அமைவதும் தீய நிமித்தமாக அமைவதும் நம் கையில் உள்ளன.

குழந்தை ஒரு பொருளை அறியும் முறையையும் தத்துவார்த்த சூத்திரம் வகுத்துக் காட்டுகிறது. மதிஞானம் நான்கு படிகளில் நிகழ்கிறது. முதலாவது அவக்ரஹம்: ஏதோ ஒன்று புலனில் படுதல். இரண்டாவது ஈஹை: அது யாதென அறியும் விழைவு. மூன்றாவது அவாயம்: இன்னதெனத் துணிதல். நான்காவது தாரணை: துணிந்ததை மறவாது இருத்துதல்.

கூடத்தில் ஒரு மணம் வருகிறது. குழந்தை மூக்கை உயர்த்துகிறது. இஃது அவக்ரஹம். “என்னம்மா வாசனை?” என்று எழுந்து வருகிறது. இஃது ஈஹை. வாணலியில் எள் வறுபடுவதைக் காண்கிறது. இஃது அவாயம். மறுமாதம் அதே மணம் வந்தவுடன், “எள் வறுக்கிறாய்!” என்று தான் இருந்த இடத்திலிருந்தே கூவுகிறது. இது தாரணை.

இப்பொழுது நம் பிள்ளைகளுக்கு நடக்கும் கல்வியை இதனோடு ஒப்பிடுங்கள். படத்தைக் காட்டுகிறோம், பெயரைச் சொல்கிறோம், மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். முதற்படியிலிருந்து நான்காம் படிக்கு ஒரே தாவல்! நடுவே உள்ள ஈஹைக்கு இடமே தருவதில்லை. கற்கும் ஆர்வம், கல்விமேல் காதல் என்று நாம் இன்று பேசுவது எதனை? இந்த ஈஹையைத்தான். இரண்டாம் படியைப் பெயர்த்தெடுத்துவிட்டுக் குழந்தை மேலே ஏறவில்லையே என்று வருந்துகிறோம்.

சுவாத்தியாயத்தின் ஐந்து வகைகளை எண்ணும்போதும் நூல் ஓதுதலாகிய வாசனைக்கு அடுத்து, இரண்டாம் இடத்திலேயே பிருச்சனை என்னும் வினவுதல் வைக்கப்பட்டிருக்கிறது. வினவுதல் தவத்துள் ஒன்று. அது குழந்தையின் குறும்பு என்று நாம் கருதிவருகிறோம்.

திரையைத் தடிப்பாக்கும் ஆறு செயல்கள்

ஞானாவரணீயம் உயிரில் வந்து சேர்வதற்கான காரணங்கள் ஆறு என அந்நூலின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. பிரதோஷம், நிஹ்நவம், மாத்ஸர்யம், அந்தராயம், ஆஸாதனை, உபகாதம் என்பன அவை. பெரும்பாலும் இவற்றை முனிவரிடமும் சாத்திரங்களிடமும் செய்யும் குற்றங்களாகவே விளக்கக் கேட்டிருக்கிறோம். நம் சமையலறையிலும் கூடத்திலும் இவை நாள்தோறும் நடப்பதை ஒவ்வொன்றாகக் காண்போம். இங்கு ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். இவற்றைச் செய்பவர் குழந்தையின் ஆர்வத்தைக் கெடுப்பதோடு, அவ்வினையைத் தம் உயிரிலும் கட்டிக்கொள்கிறார்.

பிரதோஷம் என்பது அறிவு பேசப்படும் இடத்தில் உள்ளத்துள் எழும் வெறுப்பு. அது வாய்திறந்து பேச வேண்டும் என்பதில்லை. மூன்று வயதுக் குழந்தை ஒரு கூழாங்கல்லைக் கொண்டுவந்து நீட்டும்போது முகம் சுளித்தால் போதும். அக்கல்லை ஒருமுறை வாங்கிப் பார்த்து, “வழவழப்பாக இருக்கிறதே” என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நிஹ்நவம் என்பது தெரிந்ததை மறைத்தல். “அதெல்லாம் எனக்குத் தெரியாது, போய் விளையாடு” என்று தெரிந்த விடையைச் சொல்லாமல் அனுப்புதல் இவ்வகையைச் சேரும். உண்மையிலேயே தெரியாவிட்டால், “தெரியவில்லை, இருவரும் தேடுவோம்” என்பது நேர்மை. அச்சொல் குழந்தைக்குத் தோழமையையும் தருகிறது.

மாத்ஸர்யம் என்பது தகுதி உடையாருக்கும் அழுக்காற்றால் அறிவைத் தர மறுத்தல். “பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதே, உன்னைவிட மதிப்பெண் கூட வாங்கிவிடுவான்.” இச்சொல்லைக் கேளாத தெரு எங்கேனும் உண்டா? சாத்திரதானம் செய்வதற்காகப் பிறந்த குடியில், சாத்திர அழுக்காற்றை நாம் பாலோடு ஊட்டுகிறோம்.

அந்தராயம் என்பது இடையூறு. குழந்தை ஒரு கிண்ணத்திலிருந்து மறு கிண்ணத்திற்கு நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறது. சிந்துகிறது, மீண்டும் ஊற்றுகிறது. அப்பொழுது நாம் போய் அதனைத் தூக்கிவந்து, “அ எழுது” என்கிறோம். அளவு, எடை, கைத்திறன், பொறுமை ஆகிய நான்கையும் கற்றுக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பிவந்து ஒன்றைக் கற்பிக்க முயல்கிறோம்! மரியா மாண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டு ரோம் நகரில் தம் முதற் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். தன் செயலில் ஆழ்ந்திருக்கும் குழந்தையைக் கலைக்காதிருத்தலே அவர் முறையில் ஆசிரியர் பயிலவேண்டிய முதன்மையான அடக்கம். அறிவுக்கு அந்தராயம் செய்யாதே என்று நம் சூத்திரம் கூறுவதும் இதுவேயன்றோ! இன்று இல்லங்களில் மிகுதியாக இடையூறு செய்வது கைப்பேசி. குழந்தை கதை கேட்கும் நடுவில் நம் கை அதனை நாடுகிறது. கதை அறுகிறது, குழந்தையின் முகமும் வாடுகிறது.

ஆஸாதனை என்பது அறிவையும் அறிவு உடையாரையும் சொல்லாலும் செயலாலும் அவமதித்தல். நூலைக் காலால் தள்ளாதே என்று குழந்தைக்குக் கற்பிக்கிறோம். அக்குழந்தையின் ஆசிரியரைக் குறித்து அதன் காதுபடவே இழித்துப் பேசுகிறோம். தவறாக ஒலித்த சொல்லை உறவினர் கூடிய இடத்தில் சொல்லிக்காட்டிச் சிரிக்கிறோம். நாலு பேர் சிரித்த சொல்லைக் குழந்தை மறுபடி உச்சரிப்பதில்லை. அதனோடு பேசும் துணிவையும் விட்டுவிடுகிறது.

எறும்பின் கண்

ஆறாவது உபகாதம். மெய்யான அறிவைப் பொய்யென்று சாதித்து அழித்தல் இது. இவ்வாறனுள்ளும் பெருந்தீங்கு விளைப்பது இதுவே என்பது நம் கருத்து. நமக்கு நன்கு பழக்கமான ஓர் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சியைக் கூறினால் இது விளங்கும்.

அவ்வீட்டில் ஆறு வயதுப் பேரனுக்குப் பாட்டியார் உயிர்வகைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். மரம் முதலியன ஓரறிவுயிர், புழு ஈரறிவுயிர், எறும்பு மூவறிவுயிர், வண்டு நாலறிவுயிர், மனிதன் முதலானோர் ஐயறிவுயிர். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொறி மிகும். எறும்புக்கு மெய், வாய், மூக்கு மட்டுமே. கண் வண்டிலிருந்து தொடங்குகிறது. பையன் விரல்விட்டு எண்ணி ஒப்பிப்பதைக் கேட்டு வீடே மகிழ்ந்தது. பிறகு ஒருநாள் யாரோ அவனுக்கு ஓர் உருப்பெருக்குக் கண்ணாடி வாங்கித் தந்தனர். அவன் திண்ணையில் படுத்தவாறு கட்டெறும்பு ஒன்றை நெடுநேரம் பார்த்தான். எழுந்து ஓடிவந்து, “பாட்டி, எறும்புக்குக் கண் இருக்கிறது! தலைக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது!” என்றான்.

கூடத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “அபசாரம்! ஆகமத்தில் இல்லாததை நீ கண்டுவிட்டாயோ? கண்ணாடியை அந்தப்பக்கம் வை” என்று அதட்டினார். பையன் கண்ணாடியை வைத்துவிட்டான். பாட்டியார் அதனை எடுத்துக்கொண்டார். “வா, எனக்குக் காட்டு” என்று அவனோடு திண்ணைக்குப் போனார். முதுகு வளையக் குனிந்து பார்த்தார். “ஆமாம் கண்ணு, இருக்கிறது” என்றார்.

அவ்வம்மையார் செய்தது சரியா? நம் சமூகத்தில் இதனை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துள்ளது. எறும்புகளுள் பலவற்றிற்குக் கண் உண்டென்று விலங்கியல் நூல்கள் கூறுகின்றன. கண்ணில்லா இனங்களும் உண்டு. எறும்பு வழிநடப்பது பெரிதும் மோப்பத்தால் என்பதையும் அந்நூல்களே கூறுகின்றன. ஒன்று சென்ற தடத்தில் விட்டுச்சென்ற மணத்தைப் பற்றியே மற்றவை வரிசையாக வருகின்றன. ஈரத்துணியால் தரையைத் துடைத்த பிறகு அவ்வரிசை குழம்பி நிற்பதைத் தாய்மார் யாவரும் கண்டிருப்பீர்கள். மூக்கே அதன் வாழ்வு என்னும் செய்தி நம் முன்னோர் கூற்றுக்கு எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது! பொறி இருத்தலும், அப்பொறியால் வாழ்தலும் வெவ்வேறு என்று பிற்காலத்தில் அப்பிள்ளை சான்றோரிடம் விளக்கம் கேட்பான். பல நோக்கில் பொருளைக் காணும் அநேகாந்தம் அவனுக்கு அப்பொழுது துணைவரும்.

ஆயினும் ஆறு வயதில் அவனுக்கு வேண்டுவது அவ்விளக்கம் அன்று. “நான் கண்டதைக் கண்டேன் என்று சொன்னேன், என் பாட்டி என்னை நம்பினார்” என்னும் உறுதியே வேண்டும். கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் வாய்மை. வாய்மை அணுவிரதங்களுள் இரண்டாவது. சாத்திரத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டு அதே சாத்திரம் விதித்த வாய்மையைக் குழந்தையின் நாவிலிருந்து பறிக்கலாமா?

உயிர்வகையைப் பொறிக்கணக்கால் பகுத்துச் சொன்னதன் பயன் யாது? எவ்வுயிரையும் மிதியாது நடத்தல். எறும்புக்குக் கண்ணும் உண்டென அறிந்தவன் அதனை மிதிக்கத் துணிவானா, இன்னும் ஓரடி விலகி நடப்பானா? புதிய அறிவு வந்தால் கருணை குறையுமென்று அஞ்சத் தேவையில்லை. ஆறு வயதில் தன் கண்ணை மறுக்கக் கற்றவன், பதினாறு வயதில் நம் சொல்லையெல்லாம் மறுப்பான். இளையோர் ஆலயத்திற்கு வருவதில்லை, சாத்திரம் கேட்பதில்லை என்று நாம் வருந்துகிறோம். அவர்கள் எந்த வயதில் எந்தக் கேள்வியோடு வந்து, என்ன விடை பெற்றுத் திரும்பினார்கள் என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

குருவின் சோதனை

பிழையைத் தாமே கண்டு தாமே திருத்தும் மாணாக்கரையே நம் ஆசாரியர் தேடினர் என்பதற்குச் சுருதத்தின் வரலாறே சான்று. சௌராட்டிரத்து கிரிநகரில் சந்திரகுகையில் வாழ்ந்த தரஸேனாசாரியர், தம்மோடு ஆகம அறிவு மறைந்துவிடலாகாது என்று கருதினார். அவரிடம் கற்க முனிவர் இருவர் வந்தனர். அவர்களுக்கு அவர் ஒவ்வொரு மந்திரத்தை அருளினார். ஒன்றில் எழுத்து மிகுந்திருந்தது; மற்றொன்றில் குறைந்திருந்தது. இருவரும் நோன்பிருந்து செபித்தபோது, ஒருவர்முன் பல் நீண்ட தேவதையும், மற்றவர்முன் ஒற்றைக்கண் தேவதையும் தோன்றின. தேவதைகளுக்கு உறுப்புக் குறை இராதே என்று ஆய்ந்து, மந்திர இலக்கணப்படி எழுத்தைக் குறைத்தும் கூட்டியும் மீண்டும் செபித்தனர். தேவதைகள் இயல்பான வடிவில் தோன்றின. இதனைக் கேட்டு மகிழ்ந்த பின்னரே குரு பாடம் தொடங்கினார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் யாத்ததே ஷட்கண்டாகமம். பூதபலி முனிவர் பின்னர்த் தமிழகம் சென்றார் என்று தவளா உரை கூறுகிறது. சுருதபஞ்சமி நாளில் நாம் ஏடுகளுக்குப் பூசனை செய்வது இவ்வரலாற்றை நினைந்தே.

குரு கொடுத்தது என்பதற்காக அவர்கள் பிழையைப் பிழையின்றி மனப்பாடம் செய்திருந்தால் அன்று என்ன நேர்ந்திருக்கும்? பாடமே தொடங்கியிராது. இதனைப் பெற்றோர் நெஞ்சில் இருத்த வேண்டும். குழந்தை கூட்டல் கணக்கில் தவறினால் உடனே அழித்துத் திருத்தாதீர்கள். புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, “எண்ணிப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். திருத்தும் இன்பத்தை அதற்கே விட்டுவிடுங்கள்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

நம் ஒழுக்கத்திலேயே இளங்கல்விக்கு வேண்டிய யாவும் அமைந்துள்ளன. கதிரவன் மறையுமுன் உண்டுவிடுதல் நம் மரபு. பிற இல்லங்களில் இராச் சமையலுக்கும் உணவுக்கும் செலவாகும் பொழுது, நம் இல்லத்துத் தாய்மாருக்கு விளக்கேற்றியவுடன் கிடைத்துவிடுகிறது. இப்பேற்றைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கொடுத்துவிடுகிறோம். அதில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், குழந்தைக்கென ஒதுக்குவோம். சாமாயிகத்திற்கு ஒரு முகூர்த்தம் சொல்லப்படுகிறது. சிறு குழந்தைக்கு அதில் பாதி போதும். அந்நாழிகையில் வீட்டார் அனைவரும் கைப்பேசியை எட்ட வைத்துவிட்டு, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கட்டும். ஸ்ரீபுராணத்துக் கதையாயினும், சிந்தாமணியில் சீவகன் கதையாயினும், விலங்குகளைப் பற்றிய படநூலாயினும் ஆகுக. குழந்தை மறித்து வினவினால் நூலை மூடிவைத்து விடை சொல்லுங்கள்.

இது புதுமை அன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் பொருட்டுக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே ஓர் இல்லத்தில் மாதக்கணக்கில் அந்நூலை ஓதிக் கேட்டு, நிறைவெய்திய நாளை விழாவாகக் கொண்டாடுவதைக் கண்டு வியந்ததைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவர் பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஒரு நூலைப் படித்து முடித்ததற்குத் தோரணம் கட்டிய குடிகள் நம்முடையவை! உங்கள் குழந்தை ஒரு சிறு நூலைக் கேட்டு முடித்த நாளில் ஓர் இனிப்புச் செய்து கொடுத்துப் பாருங்கள். அடுத்த நூல் எங்கே என்று அதுவே கேட்கும்.

குடிநீரைத் துணியிட்டு வடிகட்டுவது நம் வழக்கம். அத்துணியை ஒருமுறை குழந்தையிடம் காட்டி, ஏன் வடிகட்டுகிறோம் என்று பேசுங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நீரில் வாழ்வதைத் தம் கண்ணாடி வழியே கண்டதாக ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் 1676இல் எழுதினார் என்பதைப் பின்னாளில் பள்ளியில் படிக்கும்போது, அவனுக்கு வீட்டுத் துணி நினைவுக்கு வரும். அரிசி அளக்கையில் ஆழாக்கைக் கையில் கொடுங்கள். கோலத்தில் புள்ளிகளை எண்ணச் சொல்லுங்கள். ஆலயத்திற்கு அழைத்துச் சென்றால் 24 தீர்த்தங்கரரின் இலாஞ்சனைகளைக் காட்டுங்கள். காளை, யானை, குதிரை, குரங்கு என்று அவையே ஓர் உயிரியல் பாடம்.

குழந்தையைச் சொல்லவும் விடுங்கள். நம் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியரிடம் கேட்டு நன்கு கொண்டாலும் காற்பங்கே அமையும். உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கும் பிறருக்கு எடுத்துரைப்பதால் நிறையும் என்பது அக்கணக்கு. ஆகவே மாலையில் தாத்தா வீடு திரும்பியவுடன், “இன்று என்ன கண்டாய், எனக்குச் சொல்” என்று குழந்தையிடம் கேட்டு, அது சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கட்டும். பாதிக் கல்வி அந்தத் திண்ணையில் நடந்துவிடும்.

குசராத்தில் கிஜுபாய் பதேகா என்பவர் வழக்கறிஞராக இருந்தவர். தம் மகனின் படிப்பைக் குறித்துக் கவலைகொண்டு கல்வித்துறையில் புகுந்தார். 1920இல் பாவநகரில் சிறுவர்க்கான பாலமந்திரம் நிறுவினார். அவர் எழுதிய ‘பகற்கனவு’ என்னும் நூலில் வரும் ஆசிரியர், வகுப்பிற்குள் நுழைந்தவுடன் பாடநூலைத் திறப்பதில்லை. கதை சொல்லத் தொடங்குகிறார். கதைமேல் விழைவு பிறந்த பிள்ளைகள் தாமே நூலைத் தேடி வருகின்றனர். ஈஹையை முதலில் எழுப்பினார் என்று நம் மொழியில் சொல்லலாம்.

பள்ளியா, இல்லமா?

பள்ளிக்கே அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கலாமா என்னும் வினாவிற்கு வருவோம். 2009ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. இல்லத்தில் பயின்ற பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வைத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே எழுதுதலும் உண்டு. வாய்ப்பும் பொறுமையும் உள்ள சிலர் அவ்வழியைத் தேர்ந்து நன்கு நடத்துகின்றனர். எனினும் உடன் பயில்வாரால் வரும் காற்பங்கைப் பவணந்தியார் சொன்னாரன்றோ; அதற்குப் பள்ளியோ, பள்ளி போன்றதொரு பிள்ளைக் கூட்டமோ வேண்டும். துறவியர் வாழ்ந்த பள்ளியே பிற்காலத்தில் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று என்று அறிஞர் கூறுவர். ஆகவே பள்ளியைப் பகைத்தல் நமக்கு ஆகாது.

ஆனால் பள்ளியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு இருத்தலும் ஆகாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சு முதல் 2021 நவம்பர் வரை, நம் மாநிலத்தில் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. அப்பொழுது ஒவ்வோர் இல்லமும் விரும்பியோ விரும்பாமலோ பள்ளியாக நேர்ந்தது. அரசும் 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கிற்று. மாலைக்கதை, திண்ணைப்பேச்சு, வினாவுக்கு விடை என்னும் வழக்கங்கள் முன்பே இருந்த வீட்டில் குழந்தை அக்காலத்தில் அவற்றைப் பற்றி நின்றது. அவை இல்லாத வீட்டில் திரையொன்றின் முன் அமர்த்தப்பட்டது. பள்ளியின் கதவு மூடினாலும் மூடாத கதவு ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும் என்பதே நாம் பெற்ற பாடம்.

அபயமும் சாத்திரமும்

அன்பர்களே! அன்னம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. பிறருக்கு இவற்றைச் செய்வதில் நம் குடிகள் குறைந்தவை அல்ல. வீட்டில் உள்ள சிறு உயிருக்கு அன்னமும் மருந்தும் குறைவின்றித் தருகிறோம். சாத்திரதானமும் தருவதாக எண்ணிக் கட்டணம் செலுத்துகிறோம். நான்காவதாகிய அபயத்தைத் தருகிறோமா? அஞ்சும் குழந்தை வினவாது. வினவாத குழந்தைக்கு எவ்வளவு சாத்திரம் கொடுத்தாலும் அது காற்பங்கிலேயே நிற்கும். அபயம் இல்லாத இடத்தில் சாத்திரதானம் நிறைவுறுவதில்லை.

எண்ணிக்கையில் சிறிய சமூகம் நம்முடையது. ஏடுகளையும் ஆலயங்களையும் முன்னோர் நமக்கு வைத்துச் சென்றனர். அவற்றைத் திறந்து படிக்க விழையும் உள்ளத்தை நாம் வைத்துச் செல்ல வேண்டும். பூட்டிய பெட்டியில் ஏடு நூறாண்டு இருக்கும். வினா எழாத உள்ளத்தில் ஒரு தலைமுறைகூட அது நில்லாது.

இன்று மாலை விளக்கேற்றியபின் உங்கள் குழந்தை ஏதேனும் கேட்கும். கேள்வி சிறிதாக இருக்கலாம். ஐந்தாவது முறையாகவும் இருக்கலாம். உங்களுக்கு விடை தெரியாததாகவும் இருக்கலாம். கையில் உள்ளதைக் கீழே வைத்து அதன் முகத்தைப் பாருங்கள். அக்கணத்தில் ஒரு திரை நெகிழ இடம் தருகிறோம். நம்மேல் ஒரு திரை படியாமலும் காத்துக்கொள்கிறோம்.

ஆதிபகவன் மடியில் தொடங்கிய கல்வி நம் மனைதோறும் தழைப்பதாகுக! எவ்வுயிரும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!